கழுவி வந்த லாரி

நான் ஓய்வு பெற்ற பணிமனை பைபாஸ் ஓரம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். இப்போதைய சர்வீஸ் மேனேஜர் போன் செய்து, "நீங்க புடிச்சதுலயே கஷ்டமான கேஸ் ஒண்ண எழுதிக் குடுங்க சார், பசங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றார். கஷ்டமான கேஸ் ஒன்று உண்டு. தெம்பாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் டயர் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

நான் தொழில் கற்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆற்காட்டில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், லைட். அவ்வளவுதான் அன்றைய லாரியில் கரண்ட் ஓடுகிற இடங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையில் ஒரே ஆயுதம் டெஸ்ட் லாம்ப். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவில் சின்ன பல்ப். கிளிப்பை இரும்பில் மாட்டி ஊசியை வயரின் தோலில் குத்தினால் போதும். பல்ப் எரிந்தால் கரண்ட் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. மூன்று வருஷம் கழித்துச் சத்துவாச்சாரிப் பக்கம் இருந்த லாரிப் பணிமனையில் சேர்ந்தேன். முப்பது வருஷம் போனது தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வைத்த லாரிகள் எங்களிடம் வர ஆரம்பித்தன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, டீசல் எந்த அழுத்தத்தில் போகிறது என்று ஒவ்வொன்றையும் ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும். பழைய ஆட்கள் பலர் பயந்து ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கவில்லை. கரண்டை அளக்கும் மீட்டரின் வயர் நுனியில் மெல்லிய தையல் ஊசி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டேன். சென்சாரின் பிளக்கைக் கழற்றக் கை நுழையாத இடமா, வயரிலேயே குத்திப் பார்த்துவிடுவேன். குத்திய இடத்தில் டேப் சுற்றி, டேப் நுனி சூட்டில் பிரியாமலிருக்க வெள்ளை நூலால் ஒரு முடிச்சும் போடுவேன். அந்த முடிச்சு வேறு யார் வேலையிலும் இருக்காது. பணிமனையில் என் பெயரே ஊசி சேகர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அப்போது எங்களுக்கு மேலதிகாரி எட்வின் சார். என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் வந்த முதல் மாதமே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சத்தம் போட மாட்டார், அதட்ட மாட்டார், எதையும் "பண்ணலாமா?" என்றுதான் கேட்பார். கண்ணால் பார்த்து முடிக்காமல் கை வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வண்டி வந்தால் முதலில் டிரைவரிடம் மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்றது, எப்போது நின்றது, அப்போது வண்டியில் என்ன இருந்தது. பதிலைத் தன் கையால் எழுதிக்கொள்வார். அதற்கே பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் நான் இரண்டு வயரைக் குத்திப் பார்த்திருப்பேன் என்று மனசுக்குள் பல்லைக் கடிப்பேன்.

அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. தோல் நாற்றம் ஆகாது. ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழிற்சாலை இருக்கிற ஊரில் லாரிப் பணிமனைக்கு வந்துவிட்டு, தோல் லாரி நுழைந்தாலே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். பச்சைத் தோலுக்குக் கல்லுப்பு தூவி, மடித்து அடுக்கித்தான் ஏற்றுவார்கள். உப்பு தோலிலிருக்கும் நீரையெல்லாம் இழுத்துக் கொண்டுவரும். வழி நெடுகப் பலகைச் சந்தில் சொட்டிக்கொண்டே வரும் அந்தத் தண்ணீரை ஒருமுறை முகர்ந்தவன் மறக்க மாட்டான். அவர் வந்ததும் கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்: தோல் லாரிகள் வாட்டர் சர்வீஸ் செய்த பிறகே உள்ளே வரவும். எங்கள் எல்லோருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. நானும் கை தட்டியவன்தான்.

மரியதாஸ் ஓட்டிய லாரி ஆம்பூர் ஷபீர் பாயுடையது. மரியதாஸுக்குக் கணியம்பாடி. பாயிடம் பதினெட்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவர். ஈரோட்டிலிருந்து தோல் ஏற்றி மேல்விஷாரம் கொண்டுவருவதுதான் வேலை. கம்ப்யூட்டர் வைத்த புது லாரியைப் பாய் வாங்கியபோது, இருந்த நான்கு டிரைவர்களில் இவரை நம்பித்தான் சாவியைக் கொடுத்தார். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டி அதன் பிறகு திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை வந்தபோது எட்வின் சார் தன் மூன்று கேள்விகளைக் கேட்டார்.

"பர்கூர் தாண்டி எறக்கம் வருது இல்ல சார், அங்க பிரேக் போட்டு கியரக் கம்மி பண்றேன். அப்டியே ஆஃப் ஆயிடுது. ஸ்டேரிங் திரும்ப மாட்டேங்குது. கொஞ்ச நேரம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆவுது" என்றார் மரியதாஸ். வண்டியில் தோல் லோடு இருந்ததாம்.

நான் லேப்டாப்பை மாட்டினேன். எந்தக் குறையும் பதிவாகவில்லை. எஞ்சின் வேகம் மெல்லக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் சாவியைத் திருப்பி அணைத்தாலும் கம்ப்யூட்டரில் அப்படித்தான் விழும். ஹைவேயில் பள்ளிகொண்டா வரை ஓட்டிப் பார்த்தேன். சொகுசாக ஓடியது. ஜாப் கார்டில் ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்தேன். ஆங்கிலத்தில் நாலே வார்த்தை, வண்டியில் குறை எதுவும் இல்லை என்று அர்த்தம். கீழே என் கையெழுத்து.

மூன்று வாரத்தில் மறுபடி வந்தார். மறுபடி அதே கதை, அதே ஸ்டாம்ப்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மரியதாஸ்" என்றேன்.

"அப்ப நான் சொல்றனா சார்?" என்று கேட்டார். நான் லேப்டாப்பை மூடினேன். மூடியதும் ஒரு பதில்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது தடவை நாட்றம்பள்ளி அருகே நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வேன் ஒதுங்க முடியாமல் உரசி, கண்ணாடி நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. லோடு பகல் வெயிலில் பாதி நாள் நின்றதில் தோல் கெட்டு, தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டார்கள். இந்த முறை ஷபீர் பாயே கூட வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"இன்னா சேகர், மிஷின் இன்னா சொல்லுது?"

"மிஷின்ல ஒண்ணும் இல்ல பாய்."

"அப்ப மனுசன்கிட்டதான் இருக்குது" என்றார் பாய். மரியதாஸ் பக்கம் திரும்பினார். "தூங்கறியோ, தண்ணி போடறியோ, எனக்கு வாணாம். இன்னொரு தடவ நின்னு, இவங்க குறை இல்லன்னு எழுதினாங்கன்னா, சாவிய வெச்சிட்டுப் போயிடு. பதினெட்டு வருசத்துக்கு நான் உனக்குக் குடுக்கற மரியாத இது."

நான் ஸ்டாம்ப் வைத்த கார்டின் மஞ்சள் நகலைப் பாய் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். லாரியை எடுக்கப் போகும்போதுதான் மரியதாஸ் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பேஜாரா இருக்குது. உங்க கேட்டுக்கு வர்றதுக்குள்ள இது எப்டியோ நல்லதாயிடுது."

நான் உள்ளே போகத் திரும்பிவிட்டேன். எட்வின் சார் நகரவில்லை.

"தோல் எறக்கின எடத்துலருந்து இங்க வர்ற வரைக்கும் வண்டிய என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"இன்னா பண்றது சார், கழுவறேன். நீங்கதான போர்டு மாட்டியிருக்கீங்க."

எட்வின் சார் கேட்டில் தொங்கிய போர்டைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். மூன்று தடவையும் தோல் லோடு. மூன்று தடவையும் எங்களிடம் வந்தது காலி வண்டி, அதுவும் அடி முதல் நுனி வரை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த வண்டி. நாங்கள் சோதித்தது பழுதான லாரியையே அல்ல.

"அடுத்த லோடு எப்போ?"

"புதன்கெழம."

"லோடோட, கழுவாம, நேரா இங்க வந்துடலாமா?" என்றார்.

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். லாரி வருவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே மனசில்லாமல் திறந்தார். ஹைவேயிலிருந்து எங்கள் கேட்டுக்கு ஒரு சரிவு உண்டு. மரியதாஸ் பிரேக்கை அழுத்தி மெல்ல இறங்கினார். முன் சக்கரம் கேட்டைத் தாண்டியது, எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது.

"நின்னுடுச்சி சார்! நின்னுடுச்சி!" என்று கத்திக்கொண்டே மரியதாஸ் கீழே குதித்தார். வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட டிரைவரை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எட்வின் சார் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு லாரிக்கடியில் நுழைந்தார். வெள்ளைச் சட்டை. கழுத்தில் சொட்டியது. இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தார், முகம் கழுவினார், திரும்ப உள்ளே போனார். "சேகர், வர்றீங்களா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அதற்கு மேல் நான் நின்றால் மனிதனில்லை.

தோல் லாரிகளில் பலகைத் தளத்தின் முன்பக்க மூலையில் ஓட்டை போட்டு வைப்பது இங்கே வழக்கம். தண்ணீர் தேங்கினால் அடித்தோல் அழுகிவிடும். வண்டி இறக்கத்தில் பிரேக் போடும்போது உப்புத் தண்ணீரெல்லாம் முன்னால் ஓடி வந்து அந்த ஓட்டை வழியாக இறங்கும். இந்த லாரியில் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு வயர்க்கட்டு போனது. எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சாரின் வயர் அது. அந்தச் சென்சார் அனுப்பும் கரண்ட் மிகச் சன்னமானது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இன்னும் கம்மி. உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாக ஓடும், நல்ல தண்ணீரில் அவ்வளவாக ஓடாது. வழியில் கொஞ்சம் கசிந்தாலும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது. எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து அது டீசலை நிறுத்திவிடும்.

இதெல்லாம் இப்போது எழுதச் சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு அது ஒரு சந்தேகம் மட்டும்தான். எட்வின் சார் வயரைத் தொடவே விடவில்லை. முதலில் காற்றடித்து வயர்க்கட்டைக் காய வைத்தோம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி நிதானமாக ஓடியது. ஒரு பிளாஸ்டிக் மக்கில் நல்ல தண்ணீர் எடுத்து வயர்க்கட்டு முழுக்க ஊற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி காய வைத்தோம். அதன் பிறகு லாரியிலிருந்து சொட்டிய தண்ணீரையே மக்கில் பிடித்து, சென்சார் பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சாண் சாணாக ஊற்றிக்கொண்டு வந்தேன். முதல் சாண், ஓடுகிறது. இரண்டாவது, ஓடுகிறது. மூன்றாவது சாணில், ஓட்டைக்கு நேர் கீழே, எஞ்சின் குலுங்கி நின்றது.

"இன்னொரு தடவை பண்ணலாமா?" என்றார். மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அதே இடம்.

வெளியுறையை விலக்கினேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனியில் வெள்ளை நூலில் ஒரு முடிச்சு.

என் முடிச்சு. ஒரு வருஷத்துக்கு முன், வண்டி புதிதாக இருந்தபோது, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது என்று வந்தார்கள். அன்றைக்குக் காரணம் டீசல் பில்டரில் காற்று. அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், சென்சார் பிளக்கைக் கழற்றச் சோம்பல்பட்டு இந்த இரண்டு வயரையும் ஊசியால் குத்திப் பார்த்தது நான்தான். நூலை அறுத்து டேப்பைப் பிரித்தேன். பக்கத்துப் பக்கத்து வயரில் இரண்டு பச்சைப் புள்ளிகள். செம்பு உப்பில் அரித்து, வயரின் தோல் உப்பியிருந்தது. சாதாரணச் சரக்கு ஏற்றுகிற லாரியில் அந்த இரண்டு துளையால் ஆயுசுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

எட்வின் சார் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். ஊசி வயர் நீட்டிக்கொண்டிருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புது வயர் வைத்துப் பற்றவைத்தேன். தண்ணீர் புகாத உறை போட்டு, ஓட்டைக்கு எட்டாத பக்கமாக வயர்க்கட்டையே மாற்றிக் கட்டினேன். மக் மக்காக உப்புத் தண்ணீர் ஊற்றியும் எஞ்சின் அசையவில்லை. பாய் வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்தது. நான் ஜாப் கார்டில், உப்பு நீர் பட்டு வயர் பழுது, மாற்றப்பட்டது என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மரியதாஸின் வேலையைக் காப்பாற்ற அதுவே போதும். என் பெயரும் தப்பிக்கும்.

எட்வின் சார் படித்தார். "சரிதான். வயருக்குள்ள தண்ணி எப்டி போச்சுன்னு பாய் கேட்டா என்ன சொல்லலாம்?" என்றார். கேட்டுவிட்டுத் தன் பேனாவை எடுத்து, அதே கார்டில் கீழே எழுதினார்: பணிமனை விதிப்படி வண்டி கழுவப்பட்டதால் மூன்று முறை பழுது தெரியவில்லை. விதி என்னுடையது. கையெழுத்துப் போட்டார். கேட்டுக்குப் போய்ப் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து சுவரோரம் சாய்த்து வைத்தார்.

நான் இன்னொரு கார்டு எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.

பாய் நின்றபடியே படித்தார். "யாரு குத்தினது?"

"நான்தான் பாய்."

"மூணு தடவ ஸ்டாம்ப் வெச்சது?"

"அதுவும் நான்தான்."

பாய் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவர் மரியதாஸ் தோளில் கை வைத்து, "லோட எறக்கிட்டு ஊட்டுக்குப் போ. நாளைக்கு லீவு எடுத்துக்கோ" என்றார். சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வயரிலிருந்து ஊசியைப் பிடுங்கி எட்வின் சார் மேஜையில் வைத்தேன். "வீட்டுக்குக் கொண்டு போங்க, பட்டன் தைக்க ஆகும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவும்போது மரியதாஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய்கிட்ட சொன்னது போதாது சார். என் ஊட்ல வந்து ஒரு தடவ சொல்லணும்."

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் மொபெட்டில் கணியம்பாடிக்குப் போனேன். மரியதாஸ் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. அவருடைய மனைவி ஸ்டெல்லா நாற்காலி போட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். ஊசி, உப்புத் தண்ணீர், கழுவியது, எல்லாம். ஸ்டெல்லா கேட்டு முடித்தார். அலமாரியிலிருந்து மூன்று மஞ்சள் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒவ்வொரு தடவயும் பாய் குடுத்து அனுப்பினாரு. இங்கிலீஷ்ல இருக்குது. இன்னா எழுதி இருக்குதுன்னு நீங்களே படிச்சி சொல்லுங்க."

"வண்டியில குறை இல்லன்னு இருக்குதும்மா."

"யாரு சொன்னது?"

"நான்."

ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "இப்ப சரியா எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, எனக்குப் படிக்கத் தெரியும்."

ஒவ்வொரு ஸ்டாம்ப்புக்கும் கீழே எழுதினேன்: குறை வண்டியில் இருந்தது. அதை உண்டாக்கியது நான். டிரைவர் சொன்னது உண்மை. மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒவ்வொரு தாளையும் எடுத்து வாய்விட்டுப் படித்தார். ஒரே வரிகள்தான், ஆனாலும் மூன்றையும் படித்தார். மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசமா, நீ தூங்கினப்பறம், தெனமும் உன் வாய மோந்து பாத்தேன்யா" என்றார்.

மரியதாஸ் குழாயை மூடினார்.

"தெரியும்" என்றார். "நான் தூங்கல."